பாதிச் சீப்பு

சுவர் வேர்த்துக்கொண்டிருந்தது. பங்குனி வந்துவிட்டால் ஹாங்காங்கில் இந்தக் கூத்துதான். கடலிலிருந்து ஈரம் ஏறி வந்து சுவர், தரை, முகம் பார்க்கிற கண்ணாடி, டிவியின் முதுகு என்று ஒன்றையும் விட்டுவைக்காது, துடைக்கத் துடைக்க ஊறும். துடைக்கத்தான் இசக்கி துணியை எடுத்தாள். எடுத்துக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தவளுக்கு எதைத் துடைக்க வந்தோம் என்பது மறந்துபோயிற்று. எதிரே, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், முக்காலியில் மாமியார். வீடே அவ்வளவுதான், ஒரு கூடம், அதைத் தடுத்து இரண்டு அறை, ஓர் ஆள் நின்றால் இன்னோர் ஆள் நுழைய முடியாத சமையல்கட்டு. இந்தக் கூடத்தில் இருக்கவேண்டிய மூன்றாவது ஆளைக் காலையில்தான் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். அவள் புருஷன், விங்-கின். மூடும்போது இவள் பக்கத்தில் இருந்தாள். மூடினபிறகு நாத்தனார் ஆ-லான், அழுது வீங்கின மூஞ்சியோடு இவள் தோளைப் பிடித்துத் திருப்பி, "நீ மேலே வரவேண்டாம், அம்மா சொல்லிட்டாங்க, வீட்டுக்குப் போ" என்று சொல்லி டாக்ஸியில் ஏற்றிவிட்டாள். மேலே என்றால் மேட்டில் இருக்கிற எரிக்கிற இடம். அங்கே ஊர்ப்பட்ட பெட்டி வரிசையில் நிற்கும், நம் முறை வர மத்தியானம் சாய்ந்துவிடும் என்று அதே ஆ-லான்தான் நேற்றுச் சொன்னாள். ஆக, இப்போது கிளம்பினாலும் போய்விடலாம். கீழே இறங்கினால் டாக்ஸி. போவதா, இருப்பதா? பெற்றவர்கள் பிள்ளையின் சாவுக்குப் போகக்கூடாது என்பது இங்கத்திய வழக்கம், அதனால் மாமியார் நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை, அது சரி. கட்டினவள் ஏன் போகக்கூடாது? கட்டினவள் இந்த வீட்டு ஆள் இல்லை என்றால் போகக்கூடாது. வேறு காரணம் எதுவும் அவளுக்குத் தட்டுப்படவில்லை.

கேட்டுவிடலாம்தான். வாய் இருக்கிறது, எதிரே ஆள் இருக்கிறது. ஆனால் இசக்கியின் காண்டனீஸ் மார்க்கெட்டில் படித்த காண்டனீஸ். மீன் உயிரோடு இருக்கிறதா, கீரை நேற்றுப் பறித்ததா, அந்தப் பக்கத்துக் கடைக்காரன் உன்னைவிட நல்லவன் என்றெல்லாம் சரளமாக வரும். சண்டை போடுவாள், கேலி பண்ணுவாள், பஸ்ஸில் வரிசையை முறிக்கிறவனைத் திட்டுவாள். துக்கத்துக்கு ஒரு சொல் கிடையாது. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். கின் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று, 'ம் ஹோய் ஸம்'. மனசு திறக்கவில்லை என்று அர்த்தமாம். இவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் நாளில் அவன் வந்து இவள் நெஞ்சுக்குழியில் கதவு தட்டுகிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டி, "ம் ஹோய் ஸம்?" என்பான். போடா மூதி என்பாள் தமிழில். திறந்துகொள்ளும். மற்றச் சொல்லெல்லாம் அவன் போனபிறகு தானாக வந்து சேர்ந்தவை. அடுத்த வீட்டு அம்மா கதவருகே நின்று 'ஸியோங் ஸம்' என்றாள், மனசில் காயம். ஆ-லான் போனில் யாரிடமோ 'ஸம் ஸூன்' என்றாள், மனசு புளிக்கிறது. ஆமாம், சரிதான், காய்ச்சலில் கிடந்து எழுந்த வாய் மாதிரி உள்ளே ஒரு புளிப்பு, இத்தனை நாளாக அதற்குப் பேர் தெரியாமல் இருந்தது. பிறகு 'நான் க்வோ'. கடப்பதற்குக் கஷ்டம் என்று அர்த்தம். செத்துப்போனார் என்பதை நாசூக்காகச் சொல்லவும் அதே க்வோதான், 'க்வோ ஸன்', உடம்பைக் கடந்தாயிற்று. அவன் கடந்துவிட்டான். நமக்குக் கடக்க வரவில்லை.

அவனோடு லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்த்தவர்கள் நேற்றுக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். எப்போதும் கிரீஸ் கையோடு பார்த்த ஆட்கள், கை கழுவி நகம் வெட்டி வந்து, படத்துக்கு மூன்று முறை குனிந்து, இவள் பக்கம் திரும்பி ஒரே மாதிரி நாலு சொல் சொன்னார்கள். துக்கத்தை அடக்கிக்கொள், வந்த மாற்றத்துக்கு வளைந்து கொடு என்று பொருளாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆளுக்கு ஆள் ஒப்பித்துவிட்டுப் போனார்கள். இவள் பாவி, ஒவ்வொருத்தரிடமும் 'தோ ஜே' என்றாள். அது கல்யாண வீட்டில் பரிசு வாங்கிக்கொண்டு சொல்கிற நன்றி. ஆ-லான் இடுப்பில் இடித்தாள், 'யாவ் ஸம்'னு சொல்லு என்றாள், உங்களுக்கு மனசு இருக்கிறது என்று. எல்லாமே மனசுதான் இவர்களுக்கு. திறக்கும், புளிக்கும், காயம்படும். நம்ம ஊரில் துக்கம் அங்கே நிற்காது. தொண்டையை அடைக்கும், கையைக் காலைப் பிடுங்கிக்கொள்ளும், பெற்றவளுக்கு வயிற்றில் போய் எரியும். ஆறுமுகநேரியில் அடுத்த தெருவில் ஒரு சாவு என்றால் வயிற்றில் அடித்துக்கொள்கிற சத்தம் உப்பளம் வரைக்கும் கேட்கும். இங்கே இந்த அம்மாள் சத்தமே காட்டவில்லை. மகன் போனதிலிருந்து ஒரு பொட்டுக் கண்ணீர் இவள் கண்ணில் படவில்லை. கெட்டிக்காரி, அறைக்குள் போய் அழுதுவிட்டு வருகிறாளோ என்னவோ. யாருக்குத் தெரியும்?

மாமியாரைக் கூப்பிடுகிற முறையே முதலில் பெரிய வினையாக வந்து வாய்த்தது. புருஷனின் அம்மாவை இந்த பாஷையில் 'நாய்நாய்' என்று கூப்பிடவேண்டும். சிங்கப்பூரில், கல்யாணத்துக்கு முன்னால், கின் இதைச் சொன்னபோது இசக்கி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வேலை பார்த்த ஓட்டலில் லிஃப்ட் பழுதாகி நின்று, பழுது பார்க்க வந்தவன் அவன், அப்படி வந்த சம்பந்தம். நான் மாட்டேன் சாமி, ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை நாயா, எங்க அம்மா கேட்டால் என்னைக் கொன்றே போடுவாள் என்றாள். நல்லகாலம், ஹாங்காங்கில் பாதிப்பேர் ந-வை ல-வாக்கித்தான் பேசுகிறார்கள். லாய்லாய். இது பரவாயில்லை. அன்றிலிருந்து லாய்லாய்தான். அந்த அம்மாளுக்கு இசக்கி என்கிற பேர் வாயில் நுழையவில்லை, ஆ-கீ என்று சுருக்கிக்கொண்டாள். ஆ-கீ, குடை எடுத்தியா. ஆ-கீ, சூடா இருக்கு, ஊதிக் குடி. பேசுவதென்றால் இவ்வளவுதான். இதில் பாசம் இருந்ததா? இருந்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இப்போது நினைத்தால், கடைக்காரிகூடத்தான் குடை எடுத்தியா என்று கேட்கிறாள்.

அந்தச் சீப்பு. அதை நினைக்கக்கூடாது என்று எழுந்து ஜன்னலைத் துடைத்தாள். வெளியே ஒன்றும் இல்லை, எதிர்க் கட்டடம் இல்லை, கடல் இல்லை, பால் திரிந்த மாதிரி மூடுபனி. அதற்குள் எங்கேயோ கீழே பஸ் உறுமிக்கொண்டு போயிற்று. துடைத்த கண்ணாடி மறுபடி மங்கியது. சீப்பை நினைக்காமல் எப்படி இருக்கமுடியும்? நேற்றுக் காலையில் தலைவாரப் போனால் குளியலறைத் தட்டில் சீப்பைக் காணோம். மரச்சீப்பு, ஊரில் ஆலையம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோது திருச்செந்தூரில் வாங்கினது, ஒரு பல் போய்விட்டாலும் வீசிப்போட மனசு வராமல் வைத்திருந்தது. கூடத்துக்கு வந்து பார்த்தால் மாமியார் கையில் இருக்கிறது. இவளுடைய நீள முடி இரண்டு அதில் சுற்றிக்கிடக்கிறது. இவள் பார்த்துக்கொண்டே நிற்கும்போது, அந்த அம்மாள் அதை முழங்காலில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தி, படக்கென்று இரண்டாக ஒடித்தாள். ஒரு பாதியைக் குப்பையில் போட்டாள். மறுபாதியை வெள்ளைத் தாளில் பொதிந்து ஆ-லானிடம் கொடுத்தாள். இன்று காலை மூடுவதற்கு முன்னால் ஆ-லான் அதைக் கின்னின் கைக்குக் கீழே செருகினாள். இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது பெரிதில்லை, கொஞ்சம் அழுத்தி, கீழே விழாமல் செருகினாளே, அது. ஏதோ கணக்கு முடிந்தது என்கிற மாதிரி. எல்லாருக்கும் அது என்னவென்று தெரிந்திருந்தது, அந்தச் சவப்பெட்டிக்காரனுக்குக்கூட. இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள். உனக்கும் அவனுக்கும் அறுந்தது, உனக்கும் இந்த வீட்டுக்கும் அறுந்தது, வேறென்ன? உடைக்கிறதுக்கு அர்த்தம் தெரியாத ஊரிலா பிறந்தாள் இசக்கி?

அவள் அம்மாவும் போனில் அதைத்தான் கேட்டாள். கின் போன அன்று ஓவென்று அழுதாள், மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று. பாஷை தெரியாத மாப்பிள்ளை, ஊருக்கு வந்தால் கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டிக் கொடுக்கிற மாப்பிள்ளை, அவன்மேல் அவளுக்குப் பிரியம் உண்டு. மறுநாள் குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, வளையலைக் கழட்டிட்டியா?" என்றாள். "பதினாறாம் நாளு யாராச்சும் நம்ம ஆளு ஒருத்தி இருந்து செய்யணும்லா. அங்கன யாரு இருக்கா? பேசாம இங்க வந்துரு, முறையா முடிச்சிரலாம்." முறையாக என்றால் என்னவென்று இசக்கிக்குத் தெரியும். சித்திக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறாள். சித்தியை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி நின்று, கை நிறைய வளையல் போட்டு, தலை நிறையப் பூ வைத்து, எல்லாவற்றையும் உடைத்துப் பிய்த்து எடுத்தார்கள். கண்ணாடித் துண்டு ஒன்று சித்தியின் மணிக்கட்டில் ஏறிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை, பிறகு அவளே பல்லால் கடித்து எடுத்தாள். அன்றைக்குச் சித்திக்கு இவள் வயசுகூட இல்லை. அதற்குப்பிறகு சித்தி எந்தக் கல்யாண வீட்டிலும் முன்வரிசையில் நின்றதில்லை. சாகிறவரைக்கும் அடுக்களை வாசலில்தான் நின்றாள், யாராவது கூப்பிட்டால்கூட வரமாட்டாள். அங்கே போனால் அது. இங்கே இருந்தால் இது, ஒடித்த சீப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கால் வைக்க இடம் வேண்டும் அவளுக்கு, அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

உட்கார்ந்தபடியே கண் சொருகியது. தூக்கம் இல்லை, தூக்கத்துக்குப் பக்கத்தில் ஒன்று. லிஃப்ட் மேலே போகிற சத்தம் சுவருக்குள் கேட்டது. கின் சொல்வான், லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் நின்றால் கட்டடத்தின் குடும்பக்கதை மொத்தமும் கேட்குமாம். சுவர் வழியாக, மாடிக்கு மாடி, ஒருத்தி பாடுவாள், ஒருவன் வாந்தி எடுப்பான், ஒரு வீட்டில் எப்போதும் மாஜோங் ஆட்டக் கட்டைகள் உருளும். பன்னிரண்டாம் மாடியில் ஒரு அம்மா அழுகிறாள், தொண்டையால் இல்லை, மூக்கால் அழுகிறாள் என்று ஒருநாள் வந்து சொன்னான். யார் என்று கேட்டாள். யாருக்குத் தெரியும், நான் லிஃப்டின் தலைமேல் நிற்கிறேன், அவள் சுவருக்கு அந்தப்பக்கம் நிற்கிறாள், அவள் ஓய்கிற வரைக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டேன் என்றான். ஏன் கேட்டாய் என்றாள். யாராவது ஒருத்தர் கேட்கட்டுமே என்றான். இவ்வளவுதான் அவன். பெரிய அறிவாளி ஒன்றும் இல்லை, அழகன் இல்லை, குறட்டை விடுவான். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, கதவுப் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டினான், கட்டினவன் எழவில்லை, அப்படியே கதவில் தலையைச் சாய்த்துவிட்டான். நேரமாச்சு எழுந்திரு என்று இவள் சமையல்கட்டிலிருந்து கத்தினாள். இரண்டு தடவை கத்தினாள். ஐயோ, இரண்டாவது தடவை கோபமாகக் கத்தினாள்.

மேட்டில் என்ன நடக்கும் என்று அவன்தான் முன்னாடி ஒருமுறை சொல்லியிருக்கிறான், அவன் பெரியப்பா சாவுக்குப் போய்வந்து. தீ கண்ணுக்குத் தெரியாதாம். ஒரு பட்டன் இருக்கும், சொந்தக்காரர் ஒருத்தர் அதை அழுத்துவார், பெட்டி தானாக நகர்ந்து உள்ளே போகும், கதவு மூடும், லிஃப்ட் மாதிரி, என்றான். இன்று யார் அழுத்துவார்கள்? ஆ-லான் அழுத்துவாள். அழுத்தட்டும், அக்காதானே. ஆனால் பெட்டி நகர்கிறபோது, கின் என்று கூப்பிட ஒரு குரல் வேண்டாமா? ஆ-லான் அவனைத் தம்பி என்பாள். கின் என்று கூப்பிடுகிறவள் இங்கே ஈரத்துணியைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவர்கள் அதை 'மலையேறுவது' என்கிறார்கள், பிணத்தோடு கூடப்போவதை. ஆறுமுகநேரியில் சாமி வந்து ஆடினவரின் உடம்பைவிட்டுச் சாமி இறங்கிப் போவதை மலையேறிவிட்டது என்பார்கள். ஆடினவர் அப்படியே சரிந்து விழுவார், தாங்கிப் பிடிக்க ஆள் நிற்கும், முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், அவர் கண்ணைத் திறந்து நான் எங்கே இருக்கிறேன் என்று பார்ப்பார். இசக்கிக்கும் இப்போது அப்படித்தான் இருந்தது. எது மலையேறிற்று, யார் விழுந்தது, தண்ணீர் தெளிக்கிற ஆளைக் காணோம். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் இன்னும் இருந்தது, ஆனால் குறைந்துகொண்டே வந்தது.

கண்ணைத் திறந்தபோது மாமியாரைப் பார்த்தாள். சும்மா பார்த்தாள். அந்த அம்மாள் முக்காலியில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள், முகம் கழுவித் தலை வாரி, பட்டன் எல்லாம் போட்டு. கை மட்டும் அடிவயிற்றில் இருந்தது. பிள்ளைத்தாச்சி வைக்கிற மாதிரி ஐந்து விரலையும் விரித்து, அங்கே ஏதோ கிடந்து அனத்துகிறதை அமுக்குகிற மாதிரி. இத்தனை நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது அந்தக் கை. இதற்குக் காண்டனீஸில் சொல் இருக்கிறதா? இருந்தாலும் இந்த அம்மாள் சொல்லமாட்டாள். சரி, என்னைத் துரத்தட்டும், என்ன வேண்டுமானாலும் பண்ணட்டும், பெற்ற வயிறு எரியத்தானே செய்யும் என்று நினைத்தாள் இசக்கி. நினைத்த கையோடு கோபமும் வந்தது. உனக்கு எரிகிறது சரி, எனக்கு எரியாதா? எழுந்தாள். துணியைப் போட்டாள். தெரிந்த சொல்லைவைத்துத்தான் கேட்கவேண்டும், தெரியாத சொல்லுக்காகக் காத்திருந்தால் பெட்டி போய்விடும்.

"லாய்லாய். நான் இந்த வீட்டு ஆள் இல்லையா?"

மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். காது கேட்கவில்லையோ என்று இசக்கி மறுபடி வாயைத் திறந்தாள்.

"கேட்டுது," என்றாள் மாமியார். "யார் சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. என் சீப்பை உடைச்சீங்க. மேலே வராதேன்னு ஆ-லான்கிட்டச் சொல்லி அனுப்பிட்டீங்க. நான் அவன் பெண்டாட்டி. என்னைப் போகவேண்டாம்னா, நான் யாரு? வெளி ஆளா? வேலைக்காரியா?" சொற்கள் முன்னும் பின்னுமாக விழுந்தன. பாதி காண்டனீஸ், பாதி தமிழ், அழுகை வந்து நடுவில் நின்றது. "எங்க ஊரில உடைச்சா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும் லாய்லாய். வளையலை உடைப்பாங்க. உடைச்சிட்டு, இனிமே நீ ஒண்ணுமில்ல, ஓரமா நில்லுன்னு சொல்லுவாங்க. சாகிறவரைக்கும் ஓரமா நிக்கணும்."

மாமியார் வாய் கொஞ்சம் திறந்தது. பிறகு, "ஸோ நுய்" என்றாள், அசட்டுப் பெண்ணே என்று, சொந்த மகளைச் சொல்கிற மாதிரி. "உட்காரு. உட்காருன்னா உட்காரு." இவள் உட்காரவில்லை. அந்த அம்மாளும் வற்புறுத்தவில்லை, வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள், சின்னச் சின்ன வாக்கியமாக, இவளுக்குப் புரியவேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி. "புருஷனோட மலையேறினவளை யாரும் மறுபடி கட்டமாட்டாங்க. அவனோடவே போயிட்டவன்னு அர்த்தம். சீப்பை ரெண்டாக்கினா, தலைவாரினது போதும், அவன் பங்கை அவன் எடுத்துக்கிட்டான், நீ போலாம்னு அர்த்தம். உனக்கு முப்பத்தாறு வயசு. பிள்ளை இல்ல. நீ போலாம். அதுக்குத்தான் உடைச்சேன். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"எப்படித் தெரியும்?" என்றாள் இசக்கி. கத்தினாள் என்றே சொல்லலாம். "யார் சொன்னீங்க?"

"எல்லாருக்கும் தெரியுமே," என்றாள் மாமியார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. அப்புறம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இவங்க அப்பா செத்தப்போ எனக்கு முப்பத்தொண்ணு. தோணியிலிருந்து விழுந்தார். என் மாமியார் என் கையில ஊதுபத்தியைக் கொடுத்து, ஏறு அப்படின்னா. ஏறினேன். என் சீப்பை யாரும் உடைக்கல. பின்னாடி ஒருத்தன் கேட்டான். நூடுல்ஸ் கடை வச்சிருந்தவன். நல்லவன். கின்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய் மீன்பந்து வாங்கித் தருவான். அவங்க அம்மா விடல, மலையேறினவ வீட்டுக்கு ஆகாதுன்னுட்டா. ஏறினேன் ஆ-கீ. அதோட சரி. இன்னும் இறங்கல."

இசக்கி அந்த அம்மாளின் முழங்காலுக்குக் கீழே, ஈரத் தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து தூக்கிச் சுமந்த கோபம் அப்படியே கையில் நின்றது, வைக்க இடமில்லாமல். துரத்துகிறாள் என்று நினைத்தோமே. கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள், பைத்தியக்காரி, தன் மகனுடைய பெண்டாட்டியைத் தன் கையாலே அனுப்பிவிட, அவன் பெட்டி மூடுவதற்கு முந்தின நாள், முழங்காலில் வைத்து ஒடித்திருக்கிறாள். சித்தியைச் சுற்றி நின்றவர்களில் ஒருத்தியாவது இப்படி நினைத்திருப்பாளா? ஒருத்தியும் இல்லை. சந்தோஷப்படவேண்டும் போல் இருந்தது, சந்தோஷம் வரவில்லை. இன்னும் மோசமாக வலித்தது. வெளியே போ என்றால் சண்டை போடலாம். நீ போகலாம் என்றால் யாரோடு சண்டை போடுவது? யார் கேட்டா இந்த விடுதலையை? நாளைக்கே எவனையாவது பார்த்துக் கட்டிக்கொள்ளப் போகிறாளா? மாட்டாள். பத்து வருஷம் கழித்து? தெரியாது. இந்தத் தெரியாது என்கிற இடத்தைத்தான் இந்த அம்மாள் இவளுக்காகப் பிடித்து வைத்திருக்கிறாள், தனக்கு ஒருவரும் பிடித்துவைக்காத இடத்தை. 'ம் ஸே தக்' என்றும் அடுத்த வீட்டு அம்மா அன்றைக்குக் கதவருகே சொன்னாளே, விட மனசில்லை என்று, அது இப்போதுதான் புரிந்தது. விட மனசில்லாமலே விடுவது. இசக்கி மாமியாரின் முழங்காலில் நெற்றியை வைத்து அழுதாள். சத்தம் போட்டு, ஆறுமுகநேரிக்காரியாக, மூக்கு ஒழுக அழுதாள். மாமியார் கை வயிற்றிலிருந்து எழுந்து இவள் தலையில் வந்து உட்கார்ந்தது. சிக்குப் பிடித்த முடியை விரலால் கோதிக்கொண்டே இருந்தது.

அழுது ஓய்ந்தபோது இசக்கிக்குத் தெளிவாகத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"லாய்லாய், நான் போறேன்."

"சொன்னது புரியலையா உனக்கு?"

"புரிஞ்சுது. எங்க ஊரில பொம்பளைங்க யாருமே சுடுகாட்டுக்குப் போகமாட்டாங்க. அம்மா, அக்கா, பெண்டாட்டி ஒருத்தியும் கிடையாது. தெருமுனையோட திரும்பிரணும். எங்க அப்பாவை நான் தெருமுனையோடதான் விட்டேன். எங்கே கொண்டுபோனாங்க, என்ன செஞ்சாங்க, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கின்னையும் அப்படி விட்டா, நான் எப்பவும் கதவையே பார்த்துக்கிட்டு இருப்பேன். நான் போய்ப் பாத்துட்டு வரணும்." மூச்சு வாங்கினாள். "ஏறிட்டு, இறங்கி வந்துருவேன். நிஜமா இறங்கி வருவேன். நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டு, அவங்க அம்மா வேண்டாம்னா, அவளும் வேண்டாம் அவனும் வேண்டாம் போ."

மாமியார் இவளையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று இசக்கி நினைத்தாள். திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், எழுந்தாள், முழங்கால் மடக்கென்றது. "மேலே காத்து அடிக்கும்," என்று சொல்லி, கதவுக்குப் பின்னால் தொங்கின தன்னுடைய கறுப்புக் கோட்டை எடுத்து இவள் தோளில் போட்டாள். கழுத்துப் பட்டனையும் போட்டுவிட்டாள். இசக்கி கதவைத் திறந்தபோது, "ஆ-கீ" என்றாள். குரல் மாறியிருந்தது. "நான் போகக்கூடாது. நீ போறே. அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்றேன்."

"வேலையிலிருந்து தினம் மத்தியானம் போன் பண்ணுவான். ஒரே கேள்வி. சாப்பிட்டாச்சாம்மா? ஆச்சுன்னு சொன்னா வச்சிருவான். வேற பேச்சே கிடையாது எங்களுக்குள்ள. சொல்லு. அம்மா சாப்பிட்டாச்சுன்னு சொல்லு. கவலைப்படாம போகச் சொல்லு."

இசக்கி தலையாட்டினாள். ஆட்டிவிட்டு நின்றாள், ஏனென்றால் அது பொய். மகன் போனதிலிருந்து இந்த அம்மாள் வெந்நீரைத் தவிர எதையும் தொடவில்லை. ஆ-லான் கெஞ்சியாயிற்று, இவள் கெஞ்சியாயிற்று, கிண்ணம் வைத்த இடத்திலேயே ஆறும். மாமியாருக்கும் அது தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நில்லு," என்றாள் மாமியார். சமையல்கட்டுக்குள் போனாள். குக்கர் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. நேற்றைய சோறு, குளிர்ந்து கட்டியானது, அதை ஒரு கிண்ணத்தில் வெட்டிப்போட்டு, மேலே வெந்நீரை ஊற்றி, அங்கேயே நின்றபடி தின்றாள். குச்சியை விட்டுவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டாள். முதல் வாய் இறங்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி விழுங்கினாள். இரண்டாவது இறங்கியது. கன்னத்தில் தண்ணீர் வழிந்து கிண்ணத்துக்குள் சொட்டியது, துடைக்கவில்லை, அதையும் சேர்த்துத் தின்றாள். இசக்கி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே லிஃப்ட் வந்து, கதவு திறந்து, ஆள் இல்லையென்று மூடிக்கொண்டு போயிற்று. அவசரப்படுத்தவில்லை. கடைசிப் பருக்கையை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, மாமியார் காலிக் கிண்ணத்தை இவள் பார்க்கும்படி சாய்த்துக் காட்டினாள்.

"ஆச்சு," என்றாள். "இப்போ போய்ச் சொல்லு."